தைரொயிட் நோயோடு வாழ்பவருக்கு உளச்சிகிச்சை: மலையகத்துக்கான செய்முறை

தைரொயிட் கிளினிக்கில் “மனசு சரியில்ல, எதுலயும் பிடிப்பு இல்ல” என்று சொன்னால் “ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு” என்று பதில் வரும். மனநலக் கிளினிக்கில் அதையே சொன்னால் “அது தைரொயிட்டால வர்றது, மாத்திரையை ஒழுங்கா குடிங்க” என்பார்கள். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் அலைந்தே பலருக்கு வருடங்கள் போய்விடுகின்றன. உடம்பையும் மனதையும் ஒரே காலத்தில், ஒரே கொப்பியில் வைத்துப் பார்க்க வேண்டும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் உளச்சிகிச்சையைத் தொடங்கக்கூடாது. டி.எஸ்.எச். (தைரொயிட் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் இரத்தப் பரிசோதனை இலக்கம்) சரியாகட்டும், பிறகு மனதைப் பார்க்கலாம் என்று காத்திருக்கவும் கூடாது. இந்த வழிகாட்டி நோயாளருக்கும் வீட்டாருக்கும் எழுதியது. உளவளத்துணை செய்பவர்களுக்கும் சில இடங்கள் உதவும்.

உடம்பின் கணக்கு முதலில்

தைரொயிட் ஹோர்மோன் குறைந்தால் சோர்வு, மறதி, மந்தம், அழுகை, மலச்சிக்கல், எடை கூடுதல், குளிர் தாங்காமை எல்லாம் சேர்ந்து வரும். நுவரெலியா, கந்தப்பளை, பொகவந்தலாவைப் பக்கங்களில் இந்தக் கடைசி அறிகுறி கண்ணில் படாமலே போய்விடும். குளிர் எல்லாருக்கும்தானே என்று விட்டுவிடுகிறோம். மற்றவர்கள் ஒரு ஸ்வெட்டரோடு இருக்கும்போது உங்களுக்கு மட்டும் கம்பளி போர்த்தியும் கை கால் விறைக்கிறதென்றால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். தைரொயிட் கூடினால் இதற்கு நேர்மாறு. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை, சாப்பிட்டும் எடை குறைதல், மார்கழிக் குளிரிலும் வியர்வை. இரண்டுமே மனநோயைப் போலத் தோன்றும், மனநோயோடு சேர்ந்தும் இருக்கும்.

தைரொயிட் குறைந்தவர் குடிக்கும் தைரொக்சின் மாத்திரை மெதுவாக வேலை செய்யும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். ஆகவே மாத்திரையின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் பெரியவர்களுக்கான வழமையான எல்லை 0.4 முதல் 4 வரை. மனம் தெளிவது இலக்கம் சரியானதற்குப் பிறகும் சில வாரங்கள், சிலருக்கு சில மாதங்கள் பிந்தும். இந்தக் கால அளவு தெரியாததால்தான் “பத்து நாளா குடிக்கிறேன், ஒன்னும் சரி வரல்ல” என்று மாத்திரையையும் கைவிட்டு, தன்மேலும் நம்பிக்கை இழக்கிறார்கள்.

மாத்திரையை வெறும் வயிற்றில், பச்சைத்தண்ணீரில் குடிக்க வேண்டும். தேத்தண்ணி, கோப்பி, பால், சாப்பாடு எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. தோட்டத்தில் விடிய நாலரைக்கு எழும்புகிறவர்களுக்கு இது சிரமமில்லை. எழும்பியதும் மாத்திரை, பிறகு அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டு, ஐந்தேகாலுக்குத் தேத்தண்ணி. இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். மலைநாட்டுப் பெண்கள் பலருக்கு இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் தைரொக்சின் உறிஞ்சப்படாமல் போகும். டி.எஸ்.எச். இறங்காததற்குப் பல சமயம் இதுதான் காரணம். மறந்துவிட்டால் அன்றைக்கே நினைவு வரும்போது குடியுங்கள், அடுத்த நாள் இரண்டாகக் குடிக்க வேண்டாம். விரத நாளிலும் தண்ணீரோடு குடிக்கலாம். முடி உதிர்வுக்குக் கடையில் வாங்கும் பயோட்டின் மாத்திரையை இரத்தம் எடுப்பதற்கு 2 நாளாவது முன்பே நிறுத்துங்கள். அது ரிப்போர்ட்டைத் தவறாகக் காட்டும்.

இலக்கம் சரியாகியும் சோர்வும் துக்கமும் போகவில்லையென்றால் இரத்தசோகை, இரும்பு இருப்பு, வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று விழிப்பவரென்றால் அதையும் சொல்லுங்கள். குழந்தை பெற்று ஒரு வருடத்துக்குள் இருக்கும் தாய் எதற்கெடுத்தாலும் அழுதால், பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு என்று முடிவு கட்டும் முன் ஒரு டி.எஸ்.எச். அவசியம். பிரசவத்துக்குப் பின் வரும் தைரொயிட் அழற்சியில் சிலருக்கு ஹோர்மோன் முதலில் கூடி, பிறகு சில மாதங்களில் குறையும். அதன் முகமும் இதே மாதிரிதான் இருக்கும்.

இரண்டு வாரக் கொப்பி

ஒரு சி.ஆர். கொப்பி எடுத்து, பக்கத்தைக் கோடு போட்டுப் பிரியுங்கள். திகதி, மாத்திரை குடித்த நேரம், காலை நாடித்துடிப்பு, தூங்கிய மணிநேரம், உடம்பில் தெம்பு 0 முதல் 10 வரை, மனம் 0 முதல் 10 வரை, அன்று செய்த ஒரு வேலை. பெண்கள் மாதவிடாய் நாளையும் குறிக்க வேண்டும். நாடியை எழும்பமுன் படுக்கையிலேயே பார்ப்பது நல்லது. மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் தெம்புக்கு ஒரு தகரப்பேணி, மனதுக்கு ஒன்று என்று வைத்து, இரவில் கூழாங்கல் போட்டு எண்ணினாலும் போதும்.

இரண்டு வாரத்தில் கொப்பி சில விஷயங்களைக் காட்டும். தெம்பும் மனமும் எப்போதும் சேர்ந்தே ஏறி இறங்கினால் ஹோர்மோனின் பங்கு பெரிதாக இருக்கலாம். தெம்பு 6 இருந்தும் மனம் 2 என்று நிற்கிற நாட்கள் பல இருந்தால் உளச்சிகிச்சைக்கு அங்கே வேலை இருக்கிறது. ஓய்வில் நாடி தொடர்ந்து 100க்கு மேல் என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் டொக்டரிடம் போங்கள். பயத்தால் வரும் படபடப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். தைரொயிட் படபடப்பு தூக்கத்திலும் விடாது.

மனநலக் கிளினிக்கில் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைக் கொடுக்கலாம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்று எடுத்துப் பார்ப்பார்கள். தைரொயிட்காரர் விஷயத்தில் இங்கே கவனம் வேண்டும். தூக்கம், சோர்வு, பசி, கவனம், மந்தம் என்ற ஐந்து கேள்விகள் உடம்பைப் பற்றியவை. தைரொயிட் குறைந்தாலே அந்த ஐந்திலும் புள்ளி ஏறும். ஆகவே மற்ற நான்கையும் தனியாகக் கூட்டிப் பாருங்கள்: ஆர்வமின்மை, துக்கம், தன்னைத் தானே குறைவாக நினைத்தல், சாவு பற்றிய எண்ணம். மொத்தம் 11 வந்து இந்த நான்கின் கூட்டு 1தான் என்றால் மருந்தின் அளவைச் சரிபார்ப்பதே முதல் வேலை. அந்த நான்கிலேயே 7, 8 என்று வந்தால் டி.எஸ்.எச். என்னவாக இருந்தாலும் உளச்சிகிச்சை உடனே தொடங்க வேண்டும். இது கைவசக் கணக்கு, நோயை முடிவு செய்வது டொக்டர்தான். சாவு பற்றிய கேள்வியில் 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் அன்றைக்கே ஒருவரிடம் பேசுங்கள்.

எங்கே, யாரிடம்

தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்துப் பிரதேச வைத்தியசாலையிலோ துண்டு வாங்கிக்கொண்டு பெரிய வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போகலாம். ஹட்டன் பக்கத்தவருக்கு டிக்கோயா, பிறகு நுவரெலியா. ஊவாப் பக்கத்தவருக்குப் பதுளை. எல்லாருக்கும் மேலாகக் கண்டி, பேராதனை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அங்கே செலவில்லை. தொலைபேசியில் 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

“அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க” என்ற பயம் இன்னும் நம் லயங்களில் இருக்கிறது. மனநலக் கிளினிக்குக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் வெளிநோயாளராகவே போய், மருந்தோ பேச்சுச் சிகிச்சையோ பெற்று, அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். வீட்டாரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனால் பாதித் தடை நீங்கும்.

முதல் நாளில் கொண்டு போக வேண்டியவை: கிளினிக் கொப்பி, கடைசி இரண்டு டி.எஸ்.எச். ரிப்போர்ட், குடிக்கும் எல்லா மாத்திரையும் (கசாயம், சூரணம் உட்பட), இரண்டு வாரக் கொப்பி. டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்க்கப் புருஷனையோ பிள்ளையையோ நிறுத்தாதீர்கள். வீட்டுக் கஷ்டத்தையும் சாவு எண்ணத்தையும் அவர்கள் முன்னால் யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் அவர்கள் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். தமிழ் தெரிந்த தாதியையோ உத்தியோகத்தரையோ கேளுங்கள். “மனசு சரியில்ல” என்பதோடு நிறுத்தாமல் எத்தனை நாளாக, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எதைச் செய்ய முடியாமல் போனது என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிபடும்.

சிந்தனை-நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் செயலையும் மாற்றப் பழகும் பேச்சுச் சிகிச்சை) பொதுவாக வாரம் ஒரு தடவை, 45 முதல் 60 நிமிடம், 8 முதல் 12 அமர்வு வரை போகும். தைரொயிட் குறைந்து மறதியும் மந்தமும் உள்ள காலத்தில் 30 நிமிடமே போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் அமர்வுக்கு ஒரே வீட்டுப்பாடம், அதுவும் எழுதித் தரப்பட வேண்டும். மூன்று வீட்டுப்பாடம் வாய்வழியாகக் கொடுத்தால் நோயாளர் மறந்துவிடுவார், அடுத்த வாரம் வெட்கத்தில் வராமல் நின்றுவிடுவார். சிகிச்சை பாதியில் அறுந்து போவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு நாள் பேர் (தோட்டத்து நாட்சம்பளம்) இழந்து பஸ் ஏறுகிறவருக்குத் தைரொயிட் கிளினிக் நாளிலேயே உளச்சிகிச்சை நேரமும் கிடைத்தால் பெரிய உதவி. வாயைத் திறந்து கேளுங்கள். பல இடங்களில் இடையில் ஓர் அமர்வைத் தொலைபேசியில் நடத்தவும் ஒத்துக்கொள்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் “பி.எம். பிளஸ்” என்ற ஐந்து அமர்வு முறையைப் பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்களே நடத்தலாம். மூச்சு, பிரச்சினை தீர்த்தல், செயலில் இறங்குதல், ஆட்களின் துணையைக் கூட்டுதல் என்ற நான்கும் அதில் அடங்கும். நிபுணர் கிடைக்காத இடத்தில் இது நல்ல வழி.

செயல் திட்டம்

சோர்வுள்ளவர் செய்யும் பெரிய தவறு, தெம்பு வந்த நாளில் எல்லாவற்றையும் செய்து முடிப்பது. துணி துவைத்து, விறகு சுமந்து, வீடு மெழுகி, மறுநாளும் அதற்கு மறுநாளும் எழும்ப முடியாமல் கிடப்பது. பிறகு “என்னால எதுவும் முடியாது” என்ற எண்ணம் வேரூன்றும். இதை உடைக்க நேரக்கணக்கு வேண்டும்.

மூன்று நாள் கவனியுங்கள். அடுப்படியில் நின்று வேலை செய்ய முதல் நாள் 25 நிமிடம், இரண்டாம் நாள் 15, மூன்றாம் நாள் 20 முடிந்ததென்று வையுங்கள். சராசரி 20. அதில் ஐந்தில் நான்கு பங்கு 16, சுருக்கமாக 15 என்று தொடங்குங்கள். 15 நிமிட வேலை, 10 நிமிடம் உட்கார்வது. தெம்பான நாளிலும் 15 நிமிடத்தில் நிறுத்த வேண்டும், தெம்பில்லாத நாளிலும் 15 நிமிடம் முயல வேண்டும். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நல்ல நாளில் நிறுத்துவதுதான் கஷ்டம். போனில் மணி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவர் “நேரமாச்சு, உக்காருங்க” என்று சொன்னால் இன்னும் நல்லது.

கொழுந்து மலையில் இந்தக் கணக்கு நடக்காது. ஒரு பேருக்குக் கேட்கும் கிலோ வர வேண்டும், இடையில் உட்கார முடியாது. ஆகவே மாற்ற வேண்டியது அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை. மலைக்குப் போகும் நாளில் பீலியில் தண்ணீர் எடுப்பதும் விறகும் வேறொருவர் பொறுப்பு. மத்தியானம் கொழுந்து நிறுத்ததும் 15 நிமிடம் கால் நீட்டிப் படுப்பது. துணி துவைப்பது வேலையில்லாத நாளுக்கு. மருந்து அளவு சரியாகும் வரை இலகு வேலை தரும்படி டொக்டரிடம் கடிதம் கேளுங்கள். நர்சரி வேலைக்கு மாற்றம் கிடைத்தவர்கள் உண்டு. கங்காணியிடம் “தைரொயிட் இருக்கு” என்று மட்டும் சொன்னால் புரியாது. “ரெண்டு மாசத்துக்கு ஏத்தத்துல ஏற முடியாது, அதுக்கப்புறம் சரியாகும்னு டொக்டர் சொல்லியிருக்கார்” என்று காலம் குறித்துச் சொல்லுங்கள்.

வேலைக்கு அப்பால் நாளுக்கு ஒரு சின்ன மகிழ்ச்சியும் நேரம் குறித்துப் போடப்பட வேண்டும். லயத்து வாசலில் பத்து நிமிட வெயில், கீரைப்பாத்திக்குத் தண்ணீர், அக்காவுக்கு ஒரு கோல், வெள்ளிக்கிழமைக் கோயில் பஜனை. விருப்பம் வந்ததும் செய்வோம் என்று காத்திருந்தால் விருப்பம் வராது. மனச்சோர்வில் செயல் முந்தும், விருப்பம் அதற்குப் பிறகுதான் வரும். செய்யுமுன் மனம் எத்தனை, செய்த பின் எத்தனை என்று கொப்பியில் குறியுங்கள். 2 இருந்தது 3 ஆனால் அது பலன்தான்.

தைரொயிட் கூடியவருக்கு இந்தத் திட்டம் தலைகீழ். அவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறார். நாளுக்கு இரண்டு தடவை 15 நிமிடம் ஒன்றும் செய்யாமல் உட்காருவதே அவருக்கான பாடம். ஓய்விலேயே நாடி 100க்கு மேல் அடிக்கும் காலத்தில் மலையேறி நடப்பதை உடற்பயிற்சியாக எடுக்கக்கூடாது.

எண்ணத்தை எழுதிப் பார்த்தல்

ஒரு பக்கத்தில் ஐந்து வரி போதும். பீலியடியில் பக்கத்து வீட்டுக்காரி “என்னடி, நல்லா ஊதிட்ட? திங்கிறதும் தூங்குறதுமாவா இருக்க?” என்று கேட்டதாக வையுங்கள்.

நடந்தது: பீலியில் அவள் சொன்னது.
மனதில் ஓடியது: “நான் சோம்பேறி. எல்லாரும் என்னப் பார்த்துச் சிரிக்கிறாங்க.” நம்பிக்கை 90.
உணர்வு: வெட்கம், 80.
சாட்சி: பகலில் படுத்தது உண்மை. ஆனால் டி.எஸ்.எச். 38 இருந்தது. சாப்பாடு கூடவில்லை, எடைதான் கூடியது. நாலரைக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதும் நான்தான். சிரித்தது அவள் ஒருத்தி.
இப்போது நினைப்பது: “ஒடம்பு ஓஞ்சதுக்கும் எடை கூடினதுக்கும் நோய்க்குப் பெரிய பங்கு இருக்கு. அவ சொன்னது வலிச்சுது, அது அவ நெனப்பு.” வெட்கம் 50.

80 இருந்தது 50 ஆனால் பயிற்சி பலித்துவிட்டது. பூச்சியம் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதாலும், “நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன்” என்று நம்பாத வாசகத்தை எழுதுவதாலும்தான் இது பலருக்குச் சலித்துப் போகிறது. எதிர்ச் சொல் நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். எழுத முடியாதவர் போனில் குரலாகப் பதிந்து கொண்டு போகலாம்.

எண்ணம் உண்மையாகவே இருந்தால் இந்த முறை உதவாது. “சாகும் வரைக்கும் மாத்திரைதான்” என்பது பலருக்கு உண்மை. அதோடு வாதாடிப் பயனில்லை. அந்தத் துக்கத்துக்கு நேரம் கொடுத்து, பிறகு “மாத்திரையோட சேர்த்து எனக்கு எது முக்கியம்?” என்று ஒரு காரியத்தைத் தேர்ந்து, அதில் இந்த வாரம் ஓர் அடி வைப்பதுதான் சரி. கட்டி இருப்பவர் “புற்றுநோய்தான்” என்று பயந்தால் தைரொயிட் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்பதை டொக்டர் வாயால் ஒரு தடவை கேட்டு, ஸ்கேன் முடிவைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். பயம் வரும் ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் தடவிப் பார்ப்பதை நாளுக்கு ஒரு தடவையாக, பிறகு வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும். தடவத் தடவ பயம் கூடும்.

சாப்பாட்டுப் பயமும் மனதை அரிக்கிறது. கோவா கூடாது, மரவள்ளி கூடாது என்று கண்டவர்கள் சொன்ன பட்டியலில் பாதிச் சமையலே நின்றுவிடுகிறது. கோவாவை வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். மரவள்ளியும் நன்றாக அவித்து எப்போதாவது என்றால் பிரச்சினையில்லை. அயடீன் உப்பு பாவித்தால் போதும், இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்க்கிறார்கள். அயடீன் கூடுதலாக வேண்டுமென்று கடற்பாசி மாத்திரை வாங்கிக் குடிக்க வேண்டாம். அது நோயைக் குழப்பும்.

மூச்சும் தூக்கமும்

மூக்கால் 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள். 5 நிமிடம், காலையும் மாலையும். அமைதியான நேரத்தில் இரண்டு வாரம் பழகிய பிறகே படபடப்பு நேரத்தில் கைகொடுக்கும். தைரொயிட் கூடியவருக்கு ஒரு எச்சரிக்கை: மூச்சுப் பயிற்சியால் உங்கள் நாடி இறங்காமல் போகலாம், காரணம் இரத்தத்தில் இருக்கிறது. நாடியை எண்ணிக்கொண்டே மூச்சு விட்டால் “இதுவும் வேலை செய்யல்ல” என்று பயம் இரட்டிப்பாகும். தோளும் தாடையும் தளர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தூக்கத்துக்கு எழும்பும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். பகல் தூக்கம் 20 முதல் 30 நிமிடம், மூன்று மணிக்கு முன். தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழும்ப வேண்டும் என்பது பொது விதி. ஒரே காம்பராவில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அது எளிதல்ல. அடுப்படியில் ஒரு பலகையும் கம்பளியும் தயாராக வைத்து, போனைத் தொடாமல் அங்கே உட்கார்ந்து, கண் சொருகியதும் திரும்பிப் படுங்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது

ஓர் அமர்வுக்காவது வீட்டில் பொறுப்பான ஒருவர் கூட வர வேண்டும். தைரொயிட் கூடிய காலத்துக் கோபம் நெருப்பாக வரும். அந்த நேரத்தில் “மாத்திரை குடிச்சியா?” என்று கேட்டால் இன்னும் எரியும், ஏனென்றால் நியாயமான கோபத்தையும் நோய்க்கணக்கில் எழுதியதாகப் படும். முன்கூட்டியே ஒரு வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். “கொஞ்சம் வெளிய போய்ட்டு வர்றேன்” என்று யார் சொன்னாலும் 20 நிமிடம் பேச்சு நிற்கும், அதன் பிறகு பேசி முடிக்கப்படும். பேசி முடிப்பதையும் செய்யாவிட்டால் அது வெறும் தப்பித்தலாகிவிடும்.

கட்டு, மந்திரம், கோயில் நேர்த்தி என்று பெரியவர்கள் சொன்னால் சண்டை வேண்டாம். செய்வதைச் செய்யட்டும், மாத்திரை மட்டும் ஒரு நாளும் நிற்கக்கூடாது. வீட்டில் அடி உதை இருந்தால் எண்ணத்தை மாற்றும் பயிற்சியால் அது தீராது. பாதுகாப்புத்தான் முதல் சிகிச்சை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

மருந்துகள் சேரும்போது, அபாயம் வரும்போது

மனநல மருந்தை எழுதும் டொக்டருக்குத் தைரொயிட் மருந்தும், தைரொயிட் டொக்டருக்கு மனநல மருந்தும் தெரிந்திருக்க வேண்டும். லித்தியம் என்ற மனநல மருந்து குடிப்பவருக்கு 6 மாதத்துக்கு ஒரு தடவை டி.எஸ்.எச். வேண்டும், அந்த மருந்தே தைரொயிட்டைக் குறைக்கலாம். சேர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்து தொடங்கிய சிலருக்குத் தைரொக்சின் கூடுதலாகத் தேவைப்படும். தைரொயிட் கட்டுப்படாமல் கூடியிருப்பவருக்கு அமிட்ரிப்டிலின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து இதயத்துடிப்பைக் குழப்பலாம். மனச்சோர்வு மருந்து வேலை காட்ட 2 முதல் 4 வாரம் ஆகும், நினைத்த நாளில் நிறுத்தக்கூடாது. கூடிய தைரொயிட்டைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை குடிப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே வைத்தியசாலையில் இரத்த அணுக்கணக்குப் பார்க்க வேண்டும். கர்ப்பம் என்று சந்தேகம் வந்தாலே எந்தத் தைரொயிட் மருந்து குடிப்பவரும் அந்த வாரத்திலேயே டொக்டரைப் பாருங்கள், அளவும் மருந்தும் மாற வேண்டியிருக்கும்.

கடும் காய்ச்சலோடு நெஞ்சு பறந்து ஆள் குழம்பிப் பேசினாலும், உடம்பு சில்லிட்டு எழுப்ப எழுப்ப மயங்கினாலும், இல்லாத குரல் கேட்கிறது என்றாலும் 1990க்கு அழையுங்கள். சாவதைப் பற்றிப் பேசுகிறவரிடம் நேராகவே கேளுங்கள்: “செத்துப் போகணும்னு நெனக்கிறீங்களா? எப்படின்னு யோசிச்சீங்களா?” கேட்பதால் எண்ணம் விதைக்கப்படாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். வீட்டிலும் தோட்டப்பாத்தியிலும் இருக்கும் களைநாசினி, பூச்சிமருந்து எல்லாவற்றையும் அன்றைக்கே வீட்டை விட்டு அகற்றுங்கள். இரண்டு மாதத்துக்குக் கொடுத்த மாத்திரைகளை வீட்டார் வைத்துக்கொண்டு வாரத்துக்கு வாரம் கொடுக்கலாம். பிறகு 1926, அல்லது நேராக வைத்தியசாலை.

அமர்வுகள் முடிந்த பின்

கடைசி அமர்வில் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எனக்கு முதலில் தலைகாட்டும் மூன்று அறிகுறிகள், உதவிய இரண்டு பயிற்சிகள், யாருக்கு அழைப்பது. அதைக் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டுங்கள். 1, 3, 6 மாதத்தில் அந்த ஒன்பது கேள்வித் தாளை மறுபடி நிரப்புங்கள். அளவு நிலைத்தவருக்கு வருடத்துக்கு ஒரு டி.எஸ்.எச். போதும். அந்த இரத்தம் எடுக்கும் நாளிலேயே தாளையும் நிரப்பி, இரண்டு முடிவையும் ஒரே பக்கத்தில் ஒட்டிக் கொண்டு போனால் எந்த டொக்டரும் ஒரு பார்வையில் இரண்டையும் பார்ப்பார். மாத்திரையின் அளவு மாறினாலோ, குழந்தை பிறந்தாலோ, மாத்திரை சில வாரம் விட்டுப் போயிருந்தாலோ ஆறு மாதத்துக்குக் காத்திருக்காமல் இரண்டு வாரக் கொப்பியை அன்றைக்கே திறந்துவிடுங்கள்.